சொல்வதற்கு முன் கேளுங்கள்

பேராதனைப் பல் மருத்துவ பீடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிராமங்களில் வேலை செய்யும் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் 34 பேருக்கு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, புற்றுநோயையும் அதற்கு முந்திய மாற்றங்களையும் அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஓராண்டுக் காலத்தில் 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயை அவர்கள் பார்த்தார்கள். 1,200க்கு மேற்பட்டோரிடம் சந்தேகத்துக்குரிய மாற்றம் தெரிந்தது. பிறகு நிபுணர்கள் பார்த்தபோது பணியாளர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் மேற்பரிசோதனைக்கு வரச்சொல்லி அனுப்பப்பட்டவர்களில் வந்து சேர்ந்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். கண்டுபிடிப்பதில் வென்ற திட்டம், கண்டுபிடித்ததை உரியவரிடம் சேர்ப்பதில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிட்டது.

வராமற்போனவர்கள் எல்லோரும் சரியான பேச்சு இல்லாததால்தான் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. பஸ் செலவு, ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்ற கணக்கு, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமை எல்லாம் அதில் சேரும். என்றாலும் இந்தத் தடைகள் இருக்கின்றனவா என்பதே கேட்டால்தான் தெரியும். கேட்காமல் துண்டைக் கொடுத்து அனுப்பினால், வலியில்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காகத் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு யாரும் கண்டி வைத்தியசாலைக்கு வரமாட்டார்கள். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: புற்றுநோய்ச் சிகிச்சையில் பேச்சும் ஒரு சிகிச்சை. அதன் பலனை நோயாளி திரும்பி வருகிறாரா, தொடங்கியதை முடிக்கிறாரா என்பதைக் கொண்டு அளக்கலாம். அந்தப் பேச்சுக்கு முதல் விதி, சொல்வதற்கு முன் கேட்பது. மருத்துவர், தாதியர், தோட்ட வைத்திய உதவியாளர், சிற்றூழியர், கூட வரும் குடும்பத்தார் என யாராக இருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

மனதைப் பார்ப்பது ஏன் சிகிச்சையாகிறது

மனநலக் கவனிப்பு என்றால் ஆறுதல் வார்த்தை, அதை நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இதை முதலில் ஆராய்ந்துவிடுவோம். மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றுவது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் டிமாட்டியோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, மனச்சோர்வுள்ள நோயாளிகள் சிகிச்சையைச் சரிவரத் தொடராமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. இதை வாய்ப்புற்றுநோயோடு சேர்த்துப் பாருங்கள். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும்போது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் போகும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் இந்தக் காலம் திட்டமிட்டதைவிட நீண்டுபோனால், நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும் என்பது கதிர்வீச்சு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட கணக்கு. எனவே சோர்ந்துபோய் ஒரு வாரம் வராமல் இருப்பவருக்கு ஏற்படும் இழப்பு கட்டியிலும் தெரியும். அந்தச் சோர்வை முன்கூட்டியே கண்டுபிடிப்பது மருந்தின் அளவைச் சரிபார்ப்பதற்குச் சமமான வேலை.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்த்தாலே இது விளங்கும். கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் மக்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்பார்கள். வார்டிலும் பல சமயம் அதே சொல் புழங்குகிறது, ஏனென்றால் அதுதான் உடனே புரியும். ஆனால் லயத்தில் வாழ்ந்த ஒருவருக்குக் கரண்ட் என்றால் என்ன? அறுந்து தொங்கும் கம்பி, ஷொக் அடித்துக் கருகிய கை. "நாளைக்குக் கரண்ட் பிடிக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்த இரவு அவர் எதைக் கற்பனை செய்துகொண்டு படுப்பார்? இந்தச் சொல்லை ஒழிக்க வேண்டியதில்லை, ஒழிக்கவும் முடியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள்: "கரண்ட் பிடிக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க?" பதில் வந்த பிறகு சொல்லுங்கள்: உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை, எக்ஸ்ரே எடுக்கும்போது போல அசையாமல் படுத்திருக்க வேண்டும், அந்த நேரம் வலி தெரியாது, அறையில் தனியாக இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாய்ப்புண்ணும் விழுங்கும்போது வலியும் சில வாரங்களில் வரும், அதற்கு மருந்து உண்டு. வரப்போகும் புண்ணை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மூன்றாம் வாரம் அது வரும்போது "கரண்ட் ஒத்துக்கல்ல, நோய் கூடிப்போச்சு" என்று அவராகவே முடிவுகட்டி நின்றுவிடுவார்.

கேட்டுச் சொல்லும் முறை

கெட்ட செய்தியைச் சொல்வதற்கென ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வால்ட்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000இல் வெளியிட்டார்கள். இன்று உலகின் பல மருத்துவ பீடங்களில் கற்பிக்கப்படுவது அதுதான். இடத்தை ஒழுங்குசெய்வது முதற்படி. நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாவது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது மூன்றாவது. நான்காவதில்தான் செய்தி வருகிறது. அதன் பின் அவருடைய உணர்ச்சிக்கு இடம் கொடுப்பதும், கடைசியில் அடுத்து என்ன செய்வது என்பதைச் சேர்ந்து தீர்மானிப்பதும். செய்திக்கு முன்னால் இரண்டு படிகள் கேள்வியாகவே இருப்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் நாம் தாண்டிக் குதிப்பதும் அந்த இரண்டையும்தான். கிளினிக்கில் அது எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு மாதிரி உரையாடல்:

"உட்காருங்கம்மா. போன தடவ வாயில சின்னதா சதை எடுத்து அனுப்பினோமே, அது எதுக்குன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"புண்ணு ஆறாம இருக்கு, என்னன்னு பாக்கணும்னாங்க சேர்."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"பயமாத்தான் இருந்துச்சு. எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் புண்ணு வந்துச்சு."

"ரிப்போர்ட் வந்திருக்கும்மா. அதுல உள்ளத விவரமாச் சொல்லவா? இல்ல, இனி என்ன செய்யணும்ங்கிறத மட்டும் இப்ப சொல்லவா? கூட யாரும் இருக்கணுமா?"

"மூத்தவன் வெளிய நிக்கிறான். அவனையும் கூப்பிட்டுட்டுச் சொல்லுங்க சேர்."

"கொஞ்சம் கஷ்டமான விஷயந்தாம்மா. அந்தப் புண்ணு கேன்சர்."

இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். சொன்ன கையோடு ஒப்பரேஷன் திகதி, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அடுக்கிக்கொண்டு போனால் எதுவும் உள்ளே போகாது. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு மீளாய்வு குறிப்பிடுகிறது. பதற்றம் கூடும்போது மறதியும் கூடும். அதனால் மௌனம் கலையும் வரை பொறுங்கள், அழுதால் அழட்டும். முதலில் பேச வேண்டியவர் அவர்தான். பெரும்பாலும் வரும் முதற்கேள்வி "பொழச்சுக்குவேனா?" என்பதாக இருக்கும். சில சமயம் "எத்தன நாள் வேலைக்குப் போக ஏலாது?" என்று வரும். எந்தக் கேள்வி வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். முடிவில், "நான் சொன்னது சரியா விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமென்றுதான் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரு, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேப்பாரு, என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் நாம் விட்ட ஓட்டை தெரிந்துவிடும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் மகளுக்காக இந்தப் பேச்சைக் கைபேசியில் பதிந்துகொள்ள அனுமதி கேட்டால் கொடுங்கள். பதிவு வீட்டில் இரண்டாம் முறை கேட்கப்படும். மறந்த பாதி திரும்பி வரும்.

"அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க"

இந்த முறைக்கு முதல் எதிர்ப்பு வெளியில் நிற்கும் மூத்த மகனிடமிருந்தே வரும். தாய் உள்ளே வருவதற்கு முன் அவர் நம்மைத் தனியாகப் பிடித்து, "சேர், அம்மாவுக்குச் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க" என்பார். இதை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. மலையகக் குடும்பத்தில் நோய் ஒருவருடைய சொந்த விஷயமாக இருப்பதில்லை. செலவு, பயணம், பராமரிப்பு, தீர்மானம் எல்லாம் குடும்பத்தின் தோளில் இருப்பதால், செய்தியும் தங்கள் வழியாகவே போக வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இந்த எதிர்ப்பின் வலுவான வடிவம் இதுதான்: உள்ளதை உள்ளபடி சொல்லும் பழக்கம் மேற்கத்தியத் தனிமனித வாழ்வுக்குரியது, அதை நம் வீடுகளில் திணிக்கக்கூடாது.

ஆனால் மேற்கு என்பது எப்போதும் அப்படி இருந்ததா? அமெரிக்க மருத்துவர்களிடம் 1961இல் கேட்டபோது சுமார் 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்வதில்லை என்றார்கள். சொன்ன காரணமும் மூத்த மகன் சொல்வதற்கு நெருக்கமானதே: நம்பிக்கை போய்விடும். அதே கேள்வியை 1979இல் திரும்பக் கேட்டபோது 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். 18 ஆண்டுகளில் தலைகீழாக மாறிய ஒன்றை, மாறாத பண்பாடு என்று அழைப்பது கடினம். இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை முன்னேறியது, மறைத்து வைக்க முடியாத அளவுக்கு நோயாளியின் பங்கு கூடியது. கண்டியிலும் இன்று அதுவே நிலை. பெயர்ப் பலகையிலும் கிளினிக் கொப்பியிலும் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் "உங்களுக்கும் கேன்சர்தானா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார். ஒப்பரேஷனுக்குக் கையொப்பம் வைக்க வேண்டியவரும் அந்த அம்மாதான். ஆகவே தெரியாமல் இருக்கப்போவதில்லை. வீட்டார் வாயிலிருந்து தெரியப்போகிறதா, பக்கத்துக் கட்டிலிலிருந்து தெரியப்போகிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. இரண்டாவது வழியில் தெரிந்தால், தன் பிள்ளைகளும் மருத்துவரும் சேர்ந்து மறைத்தார்கள் என்ற எண்ணமும் கூடவே வரும். அதன்பின் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார்.

பிரித்தானியாவில் 2,331 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2001இல் வெளியானது. 98 சதவீதத்தினர் தங்களுக்கு வந்திருப்பது புற்றுநோயா என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள். 87 சதவீதத்தினர் நல்லதோ கெட்டதோ முழு விவரத்தையும் கேட்டார்கள். இந்த எண்களை அப்படியே கம்பளைக்கோ புஸ்ஸல்லாவைக்கோ கொண்டுவரக் கூடாது என்பது சரி. ஆனால் அந்த ஆய்விலும் முழு விவரம் வேண்டாம் என்றவர்கள் பத்துக்கு ஒருவருக்கு மேல் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. நாட்டைப் பார்த்தும், வயதைப் பார்த்தும், படிப்பைப் பார்த்தும் ஊகிப்பதற்குப் பதில் கேட்டுவிடுவதே இரண்டு தரப்பையும் மதிக்கும் வழி. மகனிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: "தம்பி, அம்மா மேல உள்ள அக்கறையிலதான் கேக்குறீங்க, அது எங்களுக்கு விளங்குது. அவங்க கேக்காம நாங்களா எல்லாத்தையும் கொட்ட மாட்டோம். ஆனா அவங்களே கேட்டா பொய் சொல்ல மாட்டோம்." அதோடு, "அம்மாவுக்கு இதுவரைக்கும் என்ன தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று அவரையும் கேளுங்கள். பல மகன்கள் அந்தக் கேள்வியில் தயங்கி, "தெரிஞ்சிருக்கும் போல" என்பார்கள். தாய் கேட்கத் தயார் என்றால் மகனும் பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு வேண்டாம், மகனிடமே பேசுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த தீர்மானம். அதன்படியே நடங்கள், பின்னர் மனம் மாறுகிறதா என்று மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

அடுத்த எதிர்ப்பு மருத்துவரிடமிருந்து வரும். வெளியே வரிசை நிற்கிறது. ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் பேசவிட்டால் மாலை வரை முடியாது. இந்தக் கவலை நேர்மையானது, ஆனால் அதன் அடியில் இருக்கும் ஊகம் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஆய்வொன்று 1984இல் கண்டது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் இடைமறிக்கிறார். இடைமறிக்காமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்தில் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரி 92 வினாடி. நாலில் மூன்று பங்குக்கு மேலானவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்தினார்கள். அன்பான பேச்சுக்கு எவ்வளவு தேவை என்பதையும் பார்த்திருக்கிறார்கள்: மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய ஆலோசனையைக் காட்டும் ஒளிப்பதிவில் மருத்துவர் பரிவுடன் பேசும் 40 வினாடிகளைச் சேர்த்தபோது, அதைப் பார்த்த பெண்களின் பதற்றம் குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆக, நாம் பேசும் செலவு ஒன்றரை இரண்டு நிமிடம். மறுபக்கம், புரியாமல் போனவர் திகதி தவறி வந்து, பரிசோதனையைத் திரும்பச் செய்து, நோய் முற்றிய பிறகு வார்டில் படுக்கும் செலவு இருக்கிறது. அதுவும் நம் நேரம்தான், பின்னால் வரும் நேரம். அந்த இரண்டு நிமிடமும் கிடைக்காத நாள் இருந்தால், கேள்வியைப் பகிர்ந்துகொள்ளலாம்: நிறை பார்க்கும் தாதி, "இன்னைக்கு டாக்டர்கிட்ட முக்கியமா என்ன கேக்கணும்?" என்று கேட்டுக் கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டால், உள்ளே பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இடையில் நிற்கும் மொழி

கண்டியில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு மடிப்பு உண்டு. சிங்களம் பேசும் மருத்துவருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில் யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது: ஒரு சிற்றூழியர், பக்கத்துக் கட்டில்காரர், பல நேரங்களில் பள்ளிக்கூடம் போகும் பேத்தி. தமிழும் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்திலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் கிளினிக் அறையில் அந்த நிமிடத்துக்கு யார் இருக்கிறார் என்பதே உண்மையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் மொழிபெயர்ப்போடு நடந்த மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகளைக் கண்டது. சிகிச்சையைப் பாதிக்கக்கூடிய பிழைகளின் பங்கு, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் பேசியபோது 53 சதவீதம். கையில் கிடைத்தவர் பேசியபோது 77 சதவீதம். பயிற்சி பெற்றவர் வரும்வரை காத்திருக்க முடியாத இடத்தில் பிழையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கெட்ட செய்தியைக் குழந்தையின் வாயால் சொல்லவைக்கக் கூடாது. அந்தச் சிறுமி வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள், பாட்டிக்காகச் செய்தியை மென்மையாக்கியும் விடுவாள். பெரியவர் ஒருவரை அழைத்து, "நான் சொல்றத கூட்டாம குறைக்காம சொல்லுங்க, விளங்காட்டி என்னையே கேளுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நேரம் ஒரு வாக்கியம். கண் நோயாளி மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பவர் மேல் அல்ல. கடைசியில் நோயாளி தமிழில் திருப்பிச் சொல்ல, அதை மீண்டும் சிங்களத்தில் கேளுங்கள். சிங்களம் பேசும் தாதியோ மருத்துவரோ நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டால், முதலில் கற்க வேண்டியது 'வலிக்குதா' அல்ல. அதைச் சைகையிலும் கேட்கலாம். 'என்ன யோசிக்கிறீங்க?' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெற்றிலையும் வெட்கமும், பேச்சு நின்றுபோகும் நாட்களும்

வாய்ப்புற்றுநோயில் நோயாளி கூடவே கொண்டுவரும் இன்னொரு சுமை குற்ற உணர்ச்சி. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1980களிலேயே தீர்மானித்துவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஆபத்தானதே என்று 2003இல் கூடிய அதன் நிபுணர் குழு முடிவுசெய்தது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சிகிச்சைக்குப் பிறகும் மென்றால் நோய் திரும்பும் அபாயம் கூடும். ஆனால் "வெத்தில போட்டீங்கதானே, அனுபவிங்க" என்ற தொனி வந்தவுடன் நோயாளி பொய் சொல்லப் பழகுவார். மலைச்சரிவில் பசியை மறக்கவும், பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து இளைப்பாறவும் வெற்றிலை கையில் வந்தது. கல்யாணம், கோயில், வந்த விருந்தாளி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதனால் காரணத்தை ஒரு முறை, நிதானமாகச் சொல்லிவிட்டு, "விடுறதுக்கு எது கஷ்டமா இருக்கு? எந்த நேரத்துல வாய் தேடுது?" என்று கேளுங்கள். செய்வினை, கண்ணூறு, முன்வினை என்று குடும்பம் பேசினாலும் இதே நிதானம் வேண்டும். கேலி செய்தால், அடுத்த முறை நாட்டு வைத்தியரைப் பார்த்ததை மறைப்பார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் முடிந்த பிறகு ஒப்பரேஷன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தேருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில நாள் என்றால் பெரும்பாலும் இணங்கலாம். சில வாரம் என்றால், தாமதத்தால் என்ன நடக்கும் என்று சொல்லி, நேர்த்தியை முன்னால் செய்துவிட்டு வர வழியுண்டா என்று சேர்ந்து யோசிக்கலாம்.

நாக்கிலோ தாடையிலோ பெரிய ஒப்பரேஷன் செய்தால் நோயாளியால் சில நாட்கள், சில வேளை நிரந்தரமாக, முன்போல் பேச முடியாது. எழுதிக் காட்டட்டும் என்று ஒரு தாளையும் பேனாவையும் வைத்துவிடுவது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத அறுபது வயதுத் தோட்டத் தொழிலாளிக்கு அந்தத் தாளால் என்ன பயன்? ஒப்பரேஷனுக்கு முந்திய மாலை பத்து நிமிடம் உட்கார்ந்து சைகைகளை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: கையை நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டுகிறது, ஒரு விரல் கொஞ்ச வலி, ஐந்து விரல் தாங்க முடியாத வலி, கண்ணை மூடித் திறந்தால் ஆம். தண்ணீர், சளி எடுத்தல், சிறுநீர், வீட்டார் ஆகியவற்றுக்குப் படம் வரைந்த ஓர் அட்டை. சைகைகளை அவரே தெரிவுசெய்யட்டும். அன்றிரவு முறை மாறி வரும் தாதிக்கும் அவை தெரிய, கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். விழித்தெழும்போது பேச்சு இல்லாமல் இருப்பார், ஆனால் பேச வழியில்லாமல் இருக்கமாட்டார்.

நம்பிக்கை என்ற பெயரில்

"தைரியமா இருந்தா நோய் தானா ஓடிடும்" என்பதும் அன்பில் வரும் வார்த்தைதான், ஆனால் உண்மையல்ல. தலை, கழுத்துப் புற்றுநோயுள்ள 1,093 பேரின் மனநிலையையும் உயிர்வாழ்ந்த காலத்தையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், மனநலம் ஆயுளைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம்: மனநலம் உயிரைக் காக்காது என்றால் இத்தனை நேரம் எதற்காக அதைப் பற்றிப் பேசினோம்? இரண்டும் வேறு வேறு விஷயங்கள். மனச்சோர்வு கட்டியை வளர்ப்பதில்லை. ஆனால் நோயாளியைக் கிளினிக்குக்கு வராமல் தடுக்கும், சாப்பிடவிடாமல் செய்யும், வலியைச் சொல்லாமல் மறைக்கவைக்கும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவப் பரிசோதனைத் திட்டங்களில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள். நம் கவலை, சிகிச்சைக்கே வந்து சேராதவர்களைப் பற்றியது. தைரியம் இருந்தால் குணமாகும் என்று சொல்லிவிட்டால், நோய் திரும்பும்போது குற்றமும் நோயாளியின் தலையிலேயே விழும். பயப்பட அவருக்கு உரிமை உண்டு, "பயமா இருக்கத்தான் செய்யும், எத நெனச்சு ரொம்பப் பயம்?" என்று கேட்பது அந்த உரிமையை ஏற்பது. குணப்படுத்த முடியாத கட்டத்திலும் இது பொருந்தும். பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலிருந்தே வலி, மனம், குடும்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆதரவுச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது என்று 2010இல் அமெரிக்காவில் வெளியானது. "இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்ற வாக்கியத்தை ஆகவே அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். கட்டிக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போகலாம். வலிக்கும் தூக்கத்துக்கும் பேச்சுக்கும் செய்ய எப்போதும் இருக்கும்.

சோர்வு எல்லை தாண்டுவதையும் கேட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டேன் என்று அடிக்கடி சொல்கிறார் என்றால், "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்கும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பல பேருக்குக் கேட்டதே நிம்மதி. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அகற்றச் சொல்லுங்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றே அனுப்புங்கள். கடுமையான பூச்சிமருந்துகளுக்கு 1990களில் தடை வந்த பின் இலங்கையில் தற்கொலை வீதம் பெரிதும் இறங்கியது. எட்டாமல் வைப்பது உயிர்காக்கும் என்பதற்கு அது நம் நாட்டின் சான்று. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதிக் கொடுங்கள்.

பழகினால் வருமா?

கடைசி எதிர்ப்பு, இதெல்லாம் பிறவிக் குணம், சிலருக்கு வரும் சிலருக்கு வராது என்பது. இதற்கு நேரடியான பதில் பிரித்தானியாவில் 160 புற்றுநோய் மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியான ஆய்வில் இருக்கிறது. மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் திறந்த கேள்விகளை அதிகம் கேட்டார்கள், பரிவை அதிகம் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கான அனுபவம் மட்டும் இந்தத் திறனைத் தருவதில்லை என்றும் அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். தையல் போடப் பழகுவது போலவே இதுவும் கைப்பழக்கம். பயிற்சி வகுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் ஒரே ஒரு கேள்வியைத் தெரிவுசெய்து, வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "இந்த நோயப் பத்தி உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?" பதிலைக் கொப்பியின் ஓரத்தில் அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். பத்துப் பேரிடம் கேட்டு முடிந்ததும் அந்த ஓரங்களைப் புரட்டிப் பார்த்தால், நாம் சொன்னதாக நினைத்ததற்கும் அவர்கள் கேட்டதற்கும் உள்ள தூரம் தெரியும். அடுத்த மாதம் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் குறித்த திகதிக்கு வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். 1984இல் வெளியான பேராதனை ஆய்வில் எண்ணப்பட்டதும் அதுதான்.